செல்போன் விளம்பரங்களும் குடியானவர்களும்

சம்பா அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் குடியானவர் கையில் சேரும் தை, மாசி மாதங்களை வியாபாரிகள் நன்கு அறிவர். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் ஆகிய ஊர்களின் கடைவீதிகளில் அக்காலத்தில் துணிக்கடை விளம்பரங்களுக்கு நிகராகச் செல்போன் விளம்பரங்களும் தொங்குகின்றன. மின்னல் வேகம், எல்லையற்ற இண்டர்நெட், உலகமே உங்கள் கையில் என்பன போன்ற வாசகங்கள் அவற்றில் பெரிய எழுத்தில் காணப்படும். அடியில் ஒரு நட்சத்திரக் குறியும், அதற்கு நேராக எறும்பு ஊர்ந்தாற்போன்ற பொடி எழுத்தில் சில வரிகளும் இருக்கும். அவ்வரிகளை நின்று வாசிப்பவர் அரியர்.

இக்கருவி இன்று ஆடம்பரப் பொருளன்று. தமிழ்நாடு சர்க்கார் 2018ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வெளியிட்ட 'உழவன்' செயலியின் வாயிலாக மானிய விவரம், விதை இருப்பு, உர இருப்பு, சந்தை விலை, வானிலை முதலியவற்றைக் குடியானவர் தம் வீட்டிலிருந்தே அறியலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லை விற்பதற்கும் இண்டர்நெட் வழியே முன்பதிவு செய்யவேண்டியிருக்கிறது. ஆகையால், 10,000 அல்லது 15,000 ரூபாய் கொடுத்து வாங்கும் ஒரு போன், விளம்பரம் சொல்லிய வேலையைத் தம் கிராமத்தில், தம் கிணற்றடியில் செய்யுமா என்பது, சிறு குடியானவருக்கு ஒரு போகத்தின் லாபத்தைத் தொடும் கேள்வியாகும்.

விதை வாங்கும்போது நம் குடியானவர்கள் இவ்வளவு ஏமாளிகளாக இருப்பதில்லை. சான்று பெற்ற நெல் விதை மூட்டையில் நீல நிற அட்டை தைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த விதையில் முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. புறத்தூய்மை 98 சதவீதம் இருக்கவேண்டும். ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேற்படலாகாது. உர மூட்டையின் மீதும் தழை, மணி, சாம்பல் சத்துக்கள் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. செல்போன் விளம்பரத்திலோ '5ஜி' என்ற ஒரே சொல் பெரிதாக நிற்கிறது. மாங்கன்று விற்பவன் 'ஒட்டு' என்று மட்டும் சொல்லிவிட்டு, எந்த ரகத்தின் ஒட்டு என்று சொல்லாமல் பணம் கேட்பதை ஒத்தது இது.

அச்சொல்லின் உள்ளே இருப்பது யாது? செல்போன் கோபுரங்கள் யாவும் ஒரே அலைவரிசையில் இயங்குவதில்லை. நம் நாட்டில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கிற்று. அதற்கு முன் நடந்த ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஜியோ கம்பெனி மட்டுமே எடுத்தது. 3300, 26,000 மெகாஹெர்ட்ஸ் வரிசைகளை ஜியோ, ஏர்டெல் ஆகிய இரு கம்பெனியாரும் எடுத்தார்கள். ஜியோ தன் 5ஜியைத் தனித்து நிற்கும் முறையில் அமைத்தது. ஏர்டெல் தொடக்கத்தில் பழைய 4ஜி அமைப்பின் மேலேயே ஏற்றி அமைத்தது. இதன் பலனாக, '5ஜி போன்' என்ற பெயரில் அதற்கு முன்பே விற்கப்பட்ட கருவிகளில் பல, சேவை தொடங்கிய பிறகும் தயாரிப்பாளர் மென்பொருளைத் திருத்தி அனுப்பும் வரை 5ஜியில் இயங்காமல் இருந்தன. பெயர் இருந்தது; பலன் பின்னரே வந்தது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் உள்நாட்டுத் தயாரிப்பான 4ஜி அமைப்பு 2025 செப்டம்பர் 27ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அஃது 700, 2100 மெகாஹெர்ட்ஸ் வரிசைகளில் இயங்குகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலை தொலைதூரம் செல்லவல்லது, சுவரையும் ஊடுருவும், கிராமப்புறத்துக்கு ஏற்றது. ஆயினும் பழைய 4ஜி போன்கள் பலவற்றில் அந்த வரிசையை ஏற்கும் பாகமே இல்லை. கடைக்காரர் '4ஜி போன்' என்று சொல்லுவது பொய்யாகாது. வாங்கியவருக்கு அதனால் பிரயோஜனமும் இராது.

இவ்விதச் சங்கடம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2012ஆம் வருஷத்தில் ஆப்பிள் கம்பெனியார் ஆஸ்திரேலியாவில் தம் ஐபேட் கருவியை '4ஜி' என்று குறித்து விற்றார்கள். அந்த ஐபேட் 700, 2100 மெகாஹெர்ட்ஸ் வரிசைகளில்தான் 4ஜியை ஏற்கும். அந்நாட்டு டெல்ஸ்ட்ரா கம்பெனியின் 4ஜியோ 1800 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் கோர்ட்டார் 22 லட்சத்து 50 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தனர். கருவியின் பெயரிலிருந்து '4ஜி' என்ற எழுத்துக்களும் நீக்கப்பட்டன.

இனி வேகத்தைப் பற்றிக் கூறுவோம். விளம்பரத்தில் காட்டப்படும் வேகம், ஏரி நிறைந்திருக்கையில் மதகை முழுதும் திறந்து, தலைமடையில் ஒருவர் மட்டும் பாய்ச்சும்போது கிடைக்கும் நீரைப் போன்றது. கோபுரத்தின் வேகமும் அதன் கீழுள்ள அனைவருக்கும் பங்கிடப்படுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் ஒரே நேரத்தில் வீட்டாரோடு படம் பார்த்துப் பேசத் தொடங்கினால், அதே கோபுரத்தை நம்பியுள்ள பக்கத்துக் கிராமத்தாருக்குக் கிடைக்கும் பங்கு சுருங்கிவிடும். சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடைக்கும் வேகம், சாலையை விட்டுப் பழவேற்காட்டு ஏரிப்பக்கம் உள்ளே செல்லச் செல்லக் குறைவதும் இயல்பே. கடைமடைக்காரர் தலைமடை நீரைக் கணக்கிட்டு நாற்று விடுவதில்லை அல்லவா? மேலும் விளம்பரத்தார் வேகத்தை மெகாபிட்டில் சொல்லுகிறார்கள். போனில் படங்களின் அளவோ மெகாபைட்டில் காணப்படுகிறது. 8 பிட்டுகள் சேர்ந்ததே 1 பைட்டு. எனவே விநாடிக்கு 100 மெகாபிட் என்றால், விநாடிக்கு 12.5 மெகாபைட் என்றே பொருள்படும்.

இங்கிலாந்தில் 2008 நவம்பரில் ஐபோன் விளம்பரம் ஒன்று இக்காரணத்தினாலேயே தடுக்கப்பட்டது. டெலிவிஷனில் அந்தப் போன் பக்கங்களை ஒரு விநாடிக்குள் திறப்பதாகக் காட்டினார்கள். மெய்யான உபயோகத்தில் அவ்வாறு நிகழாது என்று 17 பேர் முறையிட்டார்கள். நம் நாட்டில் 2015ஆம் வருஷம் ஏர்டெல் கம்பெனியார், தம்மைவிட வேகமான 4ஜி இருந்தால் வாழ்நாள் முழுவதும் பில்லைத் தாமே கட்டுவதாகச் சவால் விட்டு விளம்பரம் செய்தனர். விளம்பரத் தரக் கவுன்சில் அது மக்களைத் தவறான எண்ணத்துக்கு உள்ளாக்குகிறது என்று கண்டு, விளம்பரத்தைத் திருத்தவோ நிறுத்தவோ வேண்டுமெனக் கேட்டுக்கொண்டது.

'எல்லையற்ற' என்ற சொல்லும் ஆராயத்தக்கது. நாள் ஒன்றுக்கு ஒன்றரை ஜி.பி. என்ற திட்டத்தில், அந்த அளவு தீர்ந்ததும் இணைப்பு அறுந்துபோவதில்லை; வேகம் மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட்டாக இறக்கப்படுகிறது. இதையே எல்லையற்றது என்கிறார்கள். பயிரில் புகையான் கண்டதாகச் சந்தேகிக்கும் குடியானவர் ஒருவர், தூரின் படம் ஒன்றை விவசாய அதிகாரிக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். படம் 3 மெகாபைட் இருந்தால், 64 கிலோபிட் வேகத்தில் அது சென்றுசேர 6 நிமிஷத்துக்கு மேலாகும். அதுவும் இடையில் அறுபடாதிருந்தால்தான். 2023 ஜனவரியில் நம் சர்க்கார் 'பிராட்பேண்ட்' என்ற பெயருக்குரிய குறைந்த வேகத்தை விநாடிக்கு 2 மெகாபிட்டாக உயர்த்தினர். 64 கிலோபிட் அதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கேயாகும்.

இவற்றையெல்லாம்விடக் குடியானவர்களை நேராகத் தொட்ட விளம்பரம் ஒன்று உண்டு. பேஸ்புக் கம்பெனியார் 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கம்பெனியோடு சேர்ந்து, தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில், கட்டணமில்லாமல் சில இண்டர்நெட் தளங்களைப் பார்க்கும் ஒரு சேவையைத் தொடங்கினர். தமிழிலும் அது கிடைத்தது. அவ்வருஷம் செப்டம்பரில் அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தளத்துக்குத் தளம் வேறுவேறு கட்டணம் வைப்பது தகுமா என்று டிசம்பர் மாதம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. உடனே பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வெளிவந்தன. டிசம்பர் 28ஆம் தேதி அக்கம்பெனியின் தலைவரே ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். அதில் மகாராஷ்டிரத்து விவசாயி ஒருவர் இச்சேவையினால் பருவமழை விவரமும் விளைபொருள் விலையும் அறிந்து முன்னேறியதாக எடுத்துக்காட்டினார்.

அந்த விவசாயி பயனடைந்தது உண்மையாகவே இருக்கலாம். வானிலையும் விலையும் தெரிந்தால் எந்தக் குடியானவருக்கும் நன்மையே. குற்றம் அதிலில்லை. கொடுக்கப்பட்டது இண்டர்நெட்டின் ஒரு மூலை. இந்தியாவை இண்டர்நெட்டோடு இணைப்பதாக விளம்பரம் பேசிற்று. கம்பெனியின் நிபந்தனைகளுக்கு இணங்கிய சில தளங்களே அதில் திறந்தன. அசையும் படங்கள் கிடையா. சந்தைக்குப் போக வண்டி இலவசம், ஆனால் வண்டிக்காரன் நிறுத்தும் கடைகளில்தான் இறங்கலாம் என்பது போன்ற ஏற்பாடு அது. ஒரு கடையின் விலையை மட்டும் அறிந்து நெல்லை விற்பவன், விலையே அறியாதவனைவிடச் சில சமயம் அதிக நஷ்டமடைவான். ஏனெனில் தனக்கு விலை தெரியும் என்ற துணிவு அவனுக்கு வந்துவிடுகிறது. 2016 பிப்ரவரி 8ஆம் தேதி டிராய் இத்தகைய பாகுபாடான கட்டணங்களைத் தடுத்து, மீறினால் நாள் ஒன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம் என விதி செய்தது. அவ்வாரமே அச்சேவை இந்தியாவிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. 2008 ஆகஸ்டிலும் ஐபோனில் இண்டர்நெட்டின் எல்லாப் பகுதிகளும் உண்டு என்ற விளம்பரத்தை இங்கிலாந்தில் தடுத்திருந்தனர். அன்று பல தளங்களுக்கு அவசியமாயிருந்த ஃப்ளாஷ், ஜாவா ஆகியவை அக்கருவியில் இல்லை.

வாங்கும் முன் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. முதலில் தம் கிராமத்தில் எந்தக் கம்பெனியின் கோபுரம் நன்கு எட்டுகிறது என்பதை, அக்கம்பெனியின் இணைப்பை வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரின் போனைக் கொண்டே அறியலாம். டிராய் வெளியிட்டுள்ள 'மைஸ்பீட்' செயலியை அதில் ஏற்றி, வீட்டுத் திண்ணையிலும், பம்ப்செட் கொட்டகையிலும், காலையில் ஒருமுறையும் இரவு 8 மணிக்கு ஒருமுறையும் அளந்து பார்த்தல் நலம். இரவு அளவே மெய்யான அளவு. சேவை எட்டும் இடங்களைக் காட்டும் வரைபடத்தைக் கம்பெனிகள் தம் தளத்தில் வெளியிடவேண்டும் என்பதும் 2024ஆம் வருஷத்து டிராய் விதிகளில் உண்டு. பிறகு கடைக்குச் சென்று, போனின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது ஏற்கும் அலைவரிசைகள் எவை என்று கேட்கவேண்டும். பெட்டியிலோ தயாரிப்பாளரின் தளத்திலோ அவை இருக்கும். கடைக்காரர் சலித்துக்கொள்ளலாம், ஆனால் நீல அட்டையைக் காட்டு என்று கேட்கும் குடியானவரிடமும் விதை வியாபாரி ஒரு காலத்தில் சலித்துக்கொண்டவரே.

ஏமாற்றப்பட்டவருக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரம் செய்பவருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். 2022 ஜூன் 9ஆம் தேதி வெளியான வழிகாட்டு நெறிகளின்படி, நட்சத்திரக் குறியிட்ட நிபந்தனை வரிகள், விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில், அதே எழுத்து வடிவில் இருக்கவேண்டும். தமிழில் வாக்குறுதியும் ஆங்கிலத்தில் பொடி எழுத்து நிபந்தனையும் என்பது இப்போது செல்லாது. டெலிபோன் கம்பெனிகள் மீது நுகர்வோர் மன்றத்தில் வழக்காட இயலாது என்றொரு வாதம் முன்னர் இருந்தது. 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. விளம்பரத் துண்டையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிடில் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 2 வருஷத்துக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

ஒரு விஷயம் எஞ்சி நிற்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், மின்சாரம் நின்று செல்போன் கோபுரங்கள் பல செயலிழந்தன. அக்கோபுரங்களை நம்பிய போன்கள் அப்போது வானிலையை அறிவிக்கவில்லை. பேட்டரியில் இயங்கும் ரேடியோப் பெட்டிகள் பேசின. எனவே புதுப்போன் வாங்கியதும் பழைய ரேடியோவைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவது உசிதமன்று. மற்ற நாட்களில், பூச்சி நோய், உரம், விதை பற்றிய சந்தேகங்களுக்கு இண்டர்நெட்டே இல்லாத சாதாரணப் பொத்தான் போனிலிருந்தும் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணை அழைக்கலாம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையில் தமிழிலேயே பதில் கிடைக்கும், அழைப்புக்குக் கட்டணமில்லை.