உப்புக்காற்றில் பழைய பீரங்கிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய போர்க்கருவிகளைப் பற்றிப் பேசுவதென்றால் புலியூர்க்குறிச்சியில் தொடங்குவதுதான் முறை. தக்கலைக்கு அருகே, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையை ஒட்டி நிற்கும் உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு காலத்தில் பீரங்கி வார்க்கும் உலை எரிந்தது. 1741இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படை தோற்றபோது பிடிபட்ட டிலனாய், பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தலைவரானார். பழைய கோட்டையைக் கருங்கல்லால் எடுத்துக் கட்டும் பணி அவர் மேற்பார்வையில் நடந்தது. பீரங்கியும் குண்டும் வார்க்கும் பட்டறை உள்ளே அமைந்தது. 1777இல் அவர் இறந்ததும் கோட்டைக்குள் இருந்த தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். லத்தீனிலும் தமிழிலும் எழுதிய அந்தக் கல்லறைக் கல் இன்றும் அங்கே இருக்கிறது.

ஆங்கிலேயரின் கருவிகள் இந்த மண்ணுக்குப் பெருமளவில் வந்தது 1809இல். தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து எழுந்தபோது, செயின்ட் லெஜர் தலைமையிலான சென்னைப் படை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு முன்னால் வந்து நின்றது. மலையிலிருந்து மலைவரை நீண்ட அரணையும் அதன் பீரங்கிகளையும் நேருக்கு நேர் தாக்குவது எளிதாக இல்லை. பிப்ரவரி 10 அன்று விடியுமுன் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி சிறு படையுடன் தென்பக்க மலையில் ஏறி, மேலிருந்த காவலைப் பிடித்த பிறகே அரண் விழுந்தது. சில நாட்களில் உதயகிரியும் பத்மநாபபுரமும் பணிந்தன. அதன்பின் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உதயகிரியில் கம்பெனிப் படை தங்கியிருந்தது. ஆகவே இந்த வட்டாரத்தில் பழைய பீரங்கி ஒன்று அகப்பட்டால் அது திருவிதாங்கூர் வார்ப்பாகவும் இருக்கலாம், டச்சுக்காரர் விட்டுப்போனதாகவும் இருக்கலாம், ஆங்கிலேயருடையதாகவும் இருக்கலாம்.

உதயகிரியில் வார்த்த 16 அடி நீளப் பீரங்கி ஒன்றை 16 யானைகளாலும் அசைக்க முடியவில்லை என்று ஒரு கதை உண்டு. கணக்குப் போட்டால் கதை கொஞ்சம் தள்ளாடும். அந்த நீளத்தில் வெண்கலக் குழல் 5 முதல் 8 டன் வரை இருக்கும். யானைக்கு அரை டன்னுக்கு மேல் வராது. அசையாமல் போயிருந்தால் அதற்குக் காரணம் சேற்று நிலமோ, கயிறு கட்டிய முறையோ, புதைந்துபோன சக்கரமோதான்.

ஆங்கிலப் பீரங்கியை அடையாளம் காணக் கண் போதும். அரசுப் படையின் குழல்மேல் முடியும் அரசரின் பெயரெழுத்துகளும் புடைப்பாக இருக்கும். ஜார்ஜ் மன்னர் காலமானால் ஜி.ஆர். என்ற இரண்டெழுத்து. அரசுச் சொத்து என்பதற்குச் சிறிய அம்புக்குறி வெட்டியிருக்கும். கம்பெனியின் சரக்கில் நான்காகப் பிரித்த இதய வடிவ முத்திரை. டச்சுக் கம்பெனியானால் வி, ஓ, சி எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வண்டியில் உட்காருவதற்காக இருபுறமும் நீட்டியிருக்கும் முளைகளின் முகப்பில் சில வேளை வார்ப்பாலையின் பெயரும் ஆண்டும் கிடைக்கும். ஸ்காட்லாந்தின் கேரன் ஆலை அப்படித்தான் பொறித்தது. குழலின் பின்பகுதியில் இடையில் கோடு போட்ட மூன்று எண்கள் இருந்தால் அது எடை. 32-2-14 என்று இருந்தால் 32 அந்தர், 2 கால், 14 ராத்தல். ஓர் அந்தர் 112 ராத்தல் என்பதால் மொத்தம் 3,654 ராத்தல், அதாவது ஏறக்குறைய 1,657 கிலோ. பராமரிப்பில் இந்த எண்ணுக்கு நேரடிப் பயன் உண்டு. இன்று நிறுத்துப் பார்த்து எடை கணிசமாகக் குறைந்திருந்தால் அந்த அளவு இரும்பு போய்விட்டது என்று பொருள்.

அந்த இரும்பு எங்கே போகிறது என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. ஆங்கிலேயரின் கோட்டைப் பீரங்கிகளில் பெரும்பாலானவை வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பில் இரும்போடு கரிச்செதில்களும் கலந்திருக்கும். கடலிலோ ஈரமண்ணிலோ நெடுநாள் கிடந்தால் இரும்பு கரைந்து வெளியேறிவிடும், கரிச்செதில்கள் அப்படியே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் வடிவம் மாறாது. முத்திரைகூடத் தெளிவாகத் தெரியும். ஆனால் மேல்தோலைக் கத்தியால் சீவி எடுக்கலாம். கம்பித் தூரிகையும் மணல்வீச்சும் இத்தகைய குழலுக்கு எமன். துருவோடு சேர்த்து முத்திரை, எண், வார்ப்பாலைப் பெயர் எல்லாவற்றையும் அவை பெயர்த்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது பகை உப்பு. இரண்டு பருவமழையும் பெய்கிற, கடற்காற்று ஆண்டு முழுவதும் வீசுகிற மாவட்டம் இது. காற்றில் வரும் குளோரைடு துருப்படலத்தின் அடியில் புகுந்து உலோகத்தைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஈரம் கூடும்போது குழலின்மேல் மஞ்சளும் பழுப்புமான துளிகள் அரும்பும். அந்தக் குழலை மேலே சுரண்டி வண்ணம் பூசினால் உப்பு உள்ளே சிறைப்படும். இரண்டு மழைக்காலத்துக்குள் வண்ணம் கொப்பளித்துத் தகடு தகடாக உதிரும். தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து வெயிலிலும் மழையிலும் கிடக்கும் நாயக்கர் காலப் பெரும்பீரங்கியைக் காட்டி, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அது வார்ப்பல்ல. தேனிரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி, அடித்து இணைத்தது; நீளம் 7 மீட்டருக்கு மேல், எடை 20 டன்னுக்கு மேல். தஞ்சாவூருக்குக் கடற்காற்றும் இல்லை. அந்த அளவுகோலைக் குமரிக்குக் கொண்டுவர முடியாது.

உப்பை வெளியேற்றும் முறை பொறுமையைக் கேட்பது. காஸ்டிக் சோடாவோ சலவைச் சோடாவோ கரைத்த நீர்த்தொட்டியில் குழலை மூழ்கவைத்து, மிகக் குறைந்த மின்சாரம் செலுத்துவார்கள். குழல் எதிர்முனையாகவும், சுற்றிலும் வைத்த எஃகு வலை நேர்முனையாகவும் இருக்கும். குளோரைடு மெல்ல நீருக்கு வரும். நீரைச் சோதித்துப் பார்த்து மாற்றிக்கொண்டே போக வேண்டும். சிறு குண்டுக்கு மாதங்கள், பெரிய குழலுக்கு ஆண்டுகள். கடலில் வலையில் மாட்டி வரும் குழலைக் கரையில் உலரவிடவே கூடாது. உலர்ந்தால் தோல் வெடித்து உரியும். தொட்டி தயாராகும்வரை நீரிலேயே வைத்திருக்க வேண்டும். உப்பு நீங்கியபின் நன்கு அலசி, உலர்த்தி, டானிக் அமிலம் பூசுவார்கள். கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இந்த வகையைச் சேர்ந்ததுதான். இரும்போடு சேர்ந்து நீலக்கறுப்புப் படலமாக அது படியும். அதன்மேல் நுண்படிக மெழுகு. வெட்டவெளியில் நிற்பதானால் மெழுகு போதாது, துருத்தடுப்பு வண்ணம் தேவைப்படும். எதைப் பூசினாலும் ஆண்டுக்கொரு முறை பார்த்துச் சரிசெய்தால்தான் நிலைக்கும்.

வெண்கலப் பீரங்கிக்கு வேறு நியாயம். அதன்மேல் படியும் கரும்பச்சைப் படலம் அழுக்கல்ல, உலோகத்தைக் காக்கும் தோல். நாஞ்சில் நாட்டு வீடுகளில் குத்துவிளக்கையும் உருளியையும் புளி போட்டுத் துலக்குவார்கள். அதே பக்தியோடு வெண்கலப் பீரங்கியைத் துலக்குவது பெரிய கேடு. ஒவ்வொரு துலக்கலிலும் ஒரு மெல்லிய அடுக்கு உலோகம் போகிறது. எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, சில தலைமுறையில் வெறும் வழவழப்புதான் மிஞ்சும். இங்கும் உண்மையான நோய் குளோரைடுதான். வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோலத் தூள் பூத்தால், களிம்பு என்று விட்டுவிடாமல் உடனே வல்லுநரிடம் காட்ட வேண்டும். பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளால் அதைக் கட்டுப்படுத்தி, பிறகு மெழுகு பூசுகிறார்கள்.

மேடைதான் மற்றொரு சிக்கல். நாடெங்கும் அலுவலக வாசல்களில் பீரங்கியைப் பாதிவரை சிமென்டில் புதைத்து, சில்வர் பெயின்ட் அடித்து நிறுத்தும் பழக்கம் ஊன்றிவிட்டது. சிமென்டும் இரும்பும் சந்திக்கும் கோட்டில் மழைநீர் தேங்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துரு வேலை செய்யும். கல் தாங்கிகளின்மேல் ஈயத்தகடு வைத்துக் குழலைத் தரையிலிருந்து உயர்த்துவது போதுமான ஏற்பாடு, செலவும் குறைவு. வாய்ப்பக்கம் சற்றே தாழ்ந்திருந்தால் உள்ளே நீர் நிற்காது. பற்றவைக்கும் துளையை மூடிவைக்க வேண்டும். அக்காலப் படைவீரர்கள் வாய்க்கு மரத்தக்கையும் துளைக்கு ஈயத்தகடும் போட்டுத்தான் வைத்தார்கள். மரவண்டி கிடைப்பது அரிது. கம்பெனி இந்தியாவில் தேக்கில் வண்டி செய்தது, 1801இலேயே காசிப்பூரில் அதற்கென ஒரு பணிமனை வைத்தது. என்றாலும் மழையும் கரையானும் மரத்தை விட்டுவைப்பதில்லை. புதிதாகச் செய்து ஏற்றுவதானால், புதியது என்று பலகையில் எழுதிவைப்பது நேர்மை.

குழலைத் தொடுமுன் அதில் மருந்து கிட்டித்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் விதி. 2013 ஜனவரியில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் பணியாளர்கள் ஒரு பழைய பீரங்கியின் துருவை நீக்கியபோது, உள்ளே குண்டும் சுமார் 800 கிராம் வெடிமருந்தும் இருந்தன. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் போர்க்கப்பலான ஹுஸ்ஸாரின் பீரங்கி அது. ஒரு கழியை உள்ளே விட்டு ஆழத்தை அளந்து, வெளியே துளை இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் போதும். கழி துளைவரை போகாமல் முன்னதாகவே முட்டினால், வேலையை நிறுத்திவிட்டுக் காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவை அழைக்க வேண்டும். வெல்டிங், கிரைண்டர் எதுவும் அருகே வரக்கூடாது.

நன்றாகச் செய்த முன்னுதாரணங்கள் இந்தியாவில் இல்லாமல் இல்லை. மும்பை ராஜ்பவன் வளாகத்தில் மண்ணில் கிடந்த இரண்டு ஆங்கிலக் காலப் பீரங்கிகள், ஒவ்வொன்றும் 22 டன், 2018இல் கண்டெடுக்கப்பட்டுச் சீராக்கப்பட்டன. கண்ணூர்க் கோட்டையில் ஆயிரக்கணக்கான இரும்புக் குண்டுகளைத் தொல்லியல் துறை தோண்டியெடுத்தது. குமரியில் இருக்கும் தடை நிர்வாகத்தைச் சார்ந்தது. பத்மநாபபுரம் அரண்மனை, 1956இல் குமரி தமிழகத்தோடு இணைந்த பிறகும், கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. வட்டக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையிடம். உதயகிரிக்குள் தமிழக வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. ஒரே படையின் கருவிகளுக்கு மூன்று கைகள். மூன்றுக்கும் பொதுவாக ஒரு பதிவேடும், உப்பு நீக்கும் ஒரு தொட்டியும் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ, குளம் தூர்வாரும்போதோ, வலையிலோ பீரங்கிக் குழலோ குண்டோ அகப்பட்டால் அதைச் சுரண்டவோ கழுவவோ பழைய இரும்புக் கடைக்கு அனுப்பவோ வேண்டாம். கிடந்த இடத்தை அளந்து, படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். நூறாண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். மண்ணுக்குள் கிடைத்ததை மறைப்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி குற்றம். முறைப்படி அறிவித்தவருக்கு அதே சட்டத்தில் உரிமையும் உண்டு.

(தொடரும்)