வெறும் சிப்பியும் கணக்கில் உண்டு

தாமிரபரணி ஆத்தூரைக் கடந்து புன்னைக்காயலில் கலக்கும் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. குளிப்பை அறிவிக்கும் முன், சிப்பிகள் வாழும் கடலடித் திட்டான பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, எண்ணித் திறந்து பார்ப்பார்கள். முத்து தேறாவிட்டால் அந்தப் பாரைத் தொடமாட்டார்கள். வெறும் சிப்பிகளே அந்த முடிவைச் சொல்லிவிடும். பேரண்டத்தில் சாதாரணப் பொருளைப்போல ஐந்து மடங்கு இருக்கும் கரும்பொருள் எது என்று தேடுகிறவர்களின் வேலையும் இத்தகையதே. கண்ணில் படாததைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு என் பதில் இந்த மாதிரிக் கணக்குதான்.

கரும்பொருளாக இருக்கலாம் என்று கருதப்படும் கண்ணாடிப் பொருளை எடுத்துக்கொள்வோம். நம் துகள்கள் ஒவ்வொன்றுக்கும் இடவலம் மாறிய இணை உண்டு, ஈர்ப்பு தவிர அவற்றோடு நமக்கு அநேகமாகத் தொடர்பில்லை என்பது அந்தக் கருத்து. அதன் வித்து, இயற்பியலாளர்கள் லீயும் யாங்கும் 1956இல் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. தொடர்பில்லாததை எப்படிச் சோதிப்பது? அந்த உலகமும் தொடக்கத்தில் நம்முடையதைப் போலவே கொதித்திருந்தால், பேரண்டம் இன்னும் வேகமாக விரிந்து, ஹீலியம் கூடுதலாக விளைந்திருக்கும். ஆதியில் விளைந்ததோ எடையில் கால்பங்குதான். ஆகவே அந்தக் கண்ணாடி உலகம் நம்முடையதைவிடக் குளிர்ந்ததாக இருந்தாக வேண்டும். ஆக, அந்த உலகத்தையும் நினைத்தபடி வரைந்துவிட முடியாது.

நுண் கருந்துளைகளின் கதை இன்னும் செறிவானது. ஆதிப் பேரண்டத்தின் அடர்த்தியான இடங்கள் நொறுங்கி இவை பிறந்திருக்கலாம் என்று 1971இல் ஹாக்கிங் சொன்னார். நூறு கோடி டன் எடையுள்ள ஒன்று புரோட்டான் அளவே இருக்கும். அதைவிட மிகச் சிறியவை 1,380 கோடி ஆண்டுகளுக்குள் ஆவியாகித் தீர்ந்திருக்கும் என்பது 1974இல் அவரே கண்ட விளைவு. பெரியவை ஒரு விண்மீனுக்கு முன்னே கடந்தால் அதன் ஒளி சற்று நேரம் கூடும். ஹவாயில் உள்ள சுபாரு தொலைநோக்கி 2014 நவம்பரில் ஓர் இரவு, ஏழு மணி நேரம் ஆந்த்ரோமீடாவைப் படமெடுத்தது. இப்போது புனேயின் ஐயூகா வானியல் மையத்தில் இருக்கும் சுர்ஹுத் மோரேயும் இடம்பெற்ற குழு 2019இல் முடிவை வெளியிட்டது. கரும்பொருள் முழுவதும் நிலவை ஒத்த எடையுள்ள கருந்துளைகளாக இருந்திருந்தால் ஏறத்தாழ ஆயிரம் மினுக்கங்கள் தென்பட்டிருக்க வேண்டும். ஐயத்துக்கிடமாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று.

ஓர் இரவை வைத்தா தீர்ப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அன்று அவர்கள் கண்காணித்தது கோடிக்கணக்கான விண்மீன்களை. குறுங்கோள் எடையுள்ள கருந்துளைகளை மட்டும் இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை, அலை அவற்றைப் பொருட்படுத்தாமல் சுற்றிப் போய்விடும். அதனால்தான், அலைநீளம் மிகக் குறைந்த எக்ஸ் கதிர் வீசும் துடிப்பு விண்மீன்களைக் கண்காணிக்கும் யோசனை எழுந்திருக்கிறது.