புரதத்தைக் குறைத்தாலும் பன்றி வளரும்

வளரும் பன்றி தீவனப் புரதத்தின் வழியே தின்னும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியோ அதற்கும் மேலோ அதன் உடம்பில் ஒட்டுவதில்லை. மலமாகவும் சிறுநீராகவும் வெளியேறிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய புரதத்தின் கணிசமான பங்கு இப்படிக் கொட்டிலின் தரைக்குத்தான் போய்ச் சேர்கிறது. சரி, புரதத்தைக் குறைத்துவிடலாமே என்றால், வெறுமனே குறைத்தால் பன்றி வளராது. எதைக் குறைத்து எதைச் சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

முதலில் தீர்ந்துபோவது எது?

குடலில் புரதம் அமினோ அமிலங்களாக உடைந்த பிறகே உடலுக்குப் பயன்படுகிறது. புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் ஒன்பதைப் பன்றியால் சொந்தமாகத் தயாரிக்க முடியாது; தீவனத்தில் வந்தாக வேண்டும், அதுவும் ஒரு விகிதத்தில். லைசின் 100 பங்கு என்றால் த்ரியோனின் 60 முதல் 65 பங்கு, டிரிப்டோபேன் 17 முதல் 20 பங்கு என்று அந்தக் கணக்கு போகும். பிரிட்டனின் வேளாண் ஆராய்ச்சிக் குழு 1981இல் வெளியிட்ட பன்றித் தீவனப் பரிந்துரைகளில் இந்த விகிதக் கணக்கு இடம்பிடித்தது.

கதம்பம் கட்டுகிறவரிடம் மல்லிகை கூடை கூடையாக இருந்தாலும், மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால் சரம் அங்கேயே நின்றுவிடும். தசை வளர்வதும் அப்படித்தான். மக்காச்சோளத்தை மட்டும் தின்னும் பன்றிக்கு முதலில் போதாமல் போவது லைசின். சோளத்தில் அது 0.25 சதவீதம் அளவே உண்டு. சோயா பிண்ணாக்கில் 2.8 சதவீதம் அளவுக்கு உண்டு. அதனால் லைசினுக்காகவே பிண்ணாக்கைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கூடவே தேவைக்கு மேற்பட்ட மற்ற அமினோ அமிலங்களும் வந்து குவிந்தன.

மிஞ்சியதை உடல் சேமித்து வைப்பதில்லை. கல்லீரல் அதிலுள்ள நைட்ரஜனைக் கழற்றி, யூரியாவாக்கி, சிறுநீரில் அனுப்பிவிடும். தரையில் சிறுநீரும் மலமும் கலந்ததும், மலத்திலுள்ள பாக்டீரியாக்களின் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். கொட்டிலுக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி அதுதான்.

ஒன்றரைக் கிலோ பொடி

தீவன ஆலைகளில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு டன் தீவனத்தில் 50 கிலோ சோயா பிண்ணாக்கை எடுத்துவிட்டு, 48.5 கிலோ சோளமும் ஒன்றரைக் கிலோ லைசின் ஹைட்ரோகுளோரைடு பொடியும் சேர்த்தால் லைசின் அளவு ஏறக்குறைய மாறாது. புரதமோ 16 கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். நைட்ரஜனாகப் பார்த்தால் இரண்டரைக் கிலோ. லைசினை அடுத்து போதாமல் போகும் த்ரியோனின், டிரிப்டோபேன், மெத்தியோனின் ஆகியவற்றையும் பொடியாகச் சேர்த்தால் பிண்ணாக்கை இன்னும் குறைக்கலாம்.

இந்தப் பொடியின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. குளூட்டமிக் அமிலத்தைச் சுரக்கும் ஒரு மண் பாக்டீரியாவை 1956இல் கியோவா ஹக்கோ நிறுவன ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். கோரினிபாக்டீரியம் குளூட்டாமிக்கம் என்ற அந்த பாக்டீரியாவின் பிறழ்வு வகைகள் லைசினைச் சுரந்து தள்ளின. இன்று பிரம்மாண்டமான தொட்டிகளில் சர்க்கரையைத் தின்று அவை டன் கணக்கில் லைசின் தருகின்றன.

தீவனத்தில் புரதம் ஒரு சதவீதப் புள்ளி குறைந்தால், வெளியேறும் அம்மோனியா சுமார் 10 சதவீதம் குறைகிறது. பால் மறந்த குட்டிகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள கிருமிகள் அதைத் தின்று பெருகி வயிற்றுப்போக்கைத் தூண்டும். அதைத் தடுக்க அதிக அளவில் கொடுக்கப்பட்டுவந்த துத்தநாக ஆக்சைடு மருந்துக்கு 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. அதன்பின் புரதம் குறைந்த குட்டித் தீவனத்துக்கு அங்கே மவுசு கூடியிருக்கிறது.

ஆனால் எல்லை தாண்டக் கூடாது. மூன்று, நான்கு புள்ளிகளுக்கு மேல் குறைத்தால் வேலின், ஐசோலூசின் என்று அடுத்தடுத்த பற்றாக்குறைகள் தலைகாட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. யூரியா தயாரிக்கும் வேலை குறைவதால் பன்றிக்கு ஆற்றல் மிச்சமாகும். தீவனத்தின் ஆற்றல் கணக்கையும் சேர்த்துத் திருத்தாவிட்டால் அந்த மிச்சம் கொழுப்பாகப் படியும்.

சீனா போட்ட கணக்கு

உலகப் பன்றிகளில் ஏறக்குறைய பாதி சீனாவில்தான் இருக்கின்றன. 2020இல் அந்த நாடு 10 கோடி டன்னுக்கு மேல் சோயாவை இறக்குமதி செய்தது. அமெரிக்காவுடன் வர்த்தகப் போர் மூண்டு, 2018 ஜூலையில் அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீத வரி போட்ட சீனாவில், அதே ஆண்டு அக்டோபரில் பன்றித் தீவனத்தின் புரத அளவைக் குறைக்கும் புதிய தரநிலைகள் வெளிவந்தன. கால்நடைத் தீவனத்தில் 2022இல் 14.5 சதவீதமாக இருந்த சோயா பிண்ணாக்கின் பங்கை 2025க்குள் 13 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர 2023இல் இலக்கு வைத்தார்கள்.

சோயாவை வெளியே வாங்கும் சீனாதான் லைசினை உலகுக்கு விற்பதில் முன்னணியில் நிற்கிறது. மலிவு விலையில் சீன லைசின் வந்து குவிகிறது என்று 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு வரி விதித்தது. தீவனக் கலவையை முடிவுசெய்வது எப்போதும் விலைதான். பொடி விலை ஏறினால் சோயா பிண்ணாக்கு மறுபடி கூடும். அது கூடினால் கொட்டிலில் அம்மோனியாவும் கூடும்.