தொலைக்காட்சியிலிருந்து புற்றுநோய் சிகிச்சை வரை: எலெக்ட்ரான் துப்பாக்கியின் பயணம்

புது தில்லி: பிக்சர் டியூப் வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகள் பெரும்பாலான வீடுகளிலிருந்து விடைபெற்றுவிட்டன. அந்த டியூபின் கழுத்துப் பகுதியில் அமர்ந்து திரையில் படம் வரைந்த எலெக்ட்ரான் துப்பாக்கியோ தொழிற்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் இன்றும் பணியாற்றி வருகிறது.

பெயர்தான் துப்பாக்கி, குண்டு கிடையாது. வெற்றிடத்தில் உள்ள உலோக முனையைச் சூடேற்றினால் எலெக்ட்ரான்கள் வெளிப்படும். உயர் மின்னழுத்தம் அவற்றை விரைவுபடுத்த, காந்தப்புலம் மெல்லிய கற்றையாகக் குவிக்கிறது. அக்கற்றை உலோகத்தையும் உருக்கவல்லது.

சூடான நிலையில் காற்று பட்டால் தரம் கெடும் டைட்டானியம் போன்ற உலோகங்களை வெற்றிடத்திலேயே பற்றவைக்க முடிவதால், விண்வெளி, அணுசக்தித் துறைகள் இதனைப் பெரிதும் நாடுகின்றன. ஹைதராபாதில் உள்ள அணு எரிபொருள் வளாகத்தில் நையோபியம் உலோகம் இம்முறையில் உருக்கித் தூய்மையாக்கப்படுகிறது. மின்கம்பிகளின் உறை வெப்பத்தைத் தாங்குமாறு உறுதியாக்கப்படுவதும் எலெக்ட்ரான் கற்றையால்தான்.

உயிர் காக்கும் கருவி: புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளிக்கும் 'லினாக்' என்னும் நேர்கோட்டு முடுக்கியின் தொடக்கமும் இத்துப்பாக்கியே. அதிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள் மேலும் முடுக்கப்பட்டு, டங்ஸ்டன் தகட்டில் மோதும்போது ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்கள் உருவாகின்றன. அவை கட்டியைத் தாக்குகின்றன.

பத்து லட்சம் மக்களுக்கு ஒரு கதிர்வீச்சுக் கருவியாவது தேவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். அதன்படி 140 கோடி மக்களுக்கு 1,400 கருவிகள் வேண்டும். நாட்டில் இருப்பவை அதைவிட மிகக் குறைவு. நாடாளுமன்ற சுகாதார நிலைக்குழு 2022-ல் அளித்த அறிக்கையிலும் இப்பற்றாக்குறை சுட்டிக்காட்டப்பட்டது.

மூன்று ஆண்டுகளில் அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்புதான். ஆனால் அத்தகைய மையங்களின் முதன்மைப் பணி கீமோதெரபி. கதிர்வீச்சு தேவைப்படும் ஏழை நோயாளி, பல வாரங்கள் வேலையையும் கூலியையும் இழந்து, தொலைவிலுள்ள நகரத்தில் தங்க வேண்டிய நிலை அதனால் மாறிவிடாது.

பல கோடி ரூபாய் விலையுள்ள லினாக்குகளில் பெரும்பாலானவை இறக்குமதியானவை. இத்தனைக்கும் மத்திய அரசின் 'சமீர்' ஆய்வு நிறுவனம் மும்பையில் உள்நாட்டிலேயே லினாக்கை உருவாக்கியுள்ளது. வார்தா அருகே சேவாகிராம் மருத்துவமனையில் அது நிறுவப்பட்டது. தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. தொடர் உற்பத்திக்கும் அரசு மருத்துவமனைகளின் கொள்முதலுக்கும் எவ்வளவு நிதி ஒதுக்கப்படுகிறது என்பதை, மானியக் கோரிக்கை விவாதங்களில் உறுப்பினர்கள் கேட்டாக வேண்டும்.