சிவப்புப் பந்தும் சிவப்புத் துளியும்

அமெரிக்கக் கல்லூரிகளில் புள்ளியியல் வகுப்பு என்றால் ஒரு காலத்தில் பகடை, சீட்டுக்கட்டு, பைக்குள் சிவப்பும் கறுப்புமாய்ப் பந்துகள். பந்துகளை யார் எண்ணினார்கள், சரியாக எண்ணினார்களா என்று மாணவர் கேட்க இடமே இல்லை. எண்ணிக்கை கணக்கிலேயே இருக்கும். நிகழ்தகவுகளைப் பெருக்கத் தெரிந்தால் தேறிவிடலாம்.

அந்தப் பெருக்கல் நீதிமன்றம் வரை போனதும் உண்டு. 1964-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஒரு வழிப்பறி வழக்கு. மீசைக்காரர் 4-இல் 1, தாடிவைத்த கறுப்பினத்தவர் 10-இல் 1, மஞ்சள் கார் 10-இல் 1, இன்னும் சில என்று, சாட்சிகள் சொன்ன ஒவ்வோர் அடையாளத்துக்கும் அரசு வழக்கறிஞர் தாமாகவே எண்களை அடுக்கினார். பெருக்கல் விதியைச் சொல்லக் கல்லூரிக் கணித ஆசிரியர் ஒருவரைச் சாட்சியாக நிறுத்தினார். வந்த விடை 1.2 கோடியில் 1. தாடிக்காரர் பலருக்கும் மீசை இருக்கும், இரண்டையும் தனித்தனியாகப் பெருக்கக் கூடாது என்பது எந்த நாவிதருக்கும் தெரியும். 1968-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

மெய்யான தரவைக் கொடுங்கள், மாணவரே செய்து பார்க்கட்டும் என்ற பரிந்துரையை அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2005-இல் ஏற்றது. தடயவியல் அதற்கு வாகான களம்.

இன்றைய செய்முறை ஒன்று: சாய்த்த பலகையில் காகிதத்தை ஒட்டி, செயற்கை ரத்தத்தைச் சொட்டவிடுகிறார்கள். துளி நீள்வட்டமாகப் படிகிறது. அகலத்தை நீளத்தால் வகுத்தால், அது விழுந்த கோணத்தின் சைன் கிடைக்கும். சூத்திரம் ஒரு வரிதான்; வம்பு அளவுகோலில் ஆரம்பிக்கிறது. துளியின் வாலைச் சேர்க்கக் கூடாது, சரி, வால் எங்கே தொடங்குகிறது? நாலு பேர் அளந்தால் நாலு நீளம். விகிதம் 0.50-க்குப் பதில் 0.52 என்று வந்தால் கோணம் 30 பாகையிலிருந்து ஒன்றரைப் பாகைகூட நகராது. அதே 0.02 பிசகு 0.96-இல் நேர்ந்தால் 74 பாகை 79 ஆகிவிடும். கையும் அளவுகோலும் மாறவில்லை, பிழை மட்டும் மூன்று மடங்குக்கு மேல். திட்ட விலக்கத்தை அப்போது அவர்களே தேடிப் போகிறார்கள்.

துப்பறியும் தொடர்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ரத்தத் தெறிப்பு ஆய்வில் நிச்சயமின்மை மிகப் பெரிது என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றமே 2009-இல் எழுதியிருக்கிறது. இத்தனைக்கும் வகுப்புப் பலகையின் சாய்வு முன்கூட்டியே தெரிந்தது. குற்றம் நடந்த அறையில் அந்த வசதி கிடையாது.

திருத்தும் ஆசிரியர் பாடுதான் திண்டாட்டம். முன்பு வகுப்புக்கே ஒரு விடை. இப்போது குழுவுக்கொரு விடை, அதற்கொரு பிழை எல்லை, போதாக்குறைக்கு ‘இந்தத் துளியை மட்டும் ஏன் விட்டுவிட்டாய்?’ என்ற விசாரணை வேறு.