மறதிக்கார வானொலி

"ஏம்மா, இன்னிக்கு லீவா? உன் குரலையே காணோமே!"

காலை நிகழ்ச்சி முடிந்ததும் அப்பாவின் அழைப்பு. அவருடைய பழைய சாகா காருக்குப் புது ஸ்டீரியோ வாங்கியதும் நான், பொருத்தியதும் நான். சாவியை எடுத்தால் போதும், பதிந்து வைத்த அலைவரிசைகள் எல்லாம் அழிந்துவிடும். மறுபடி தேடிப் பிடிக்க அப்பாவுக்குத் தெரியாது.

ஸ்டீரியோவின் மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும். நினைவைக் காப்பது அதுதான். சிவப்புக்குச் சாவியைத் திருப்பும்போது மட்டும் வந்தால் போதும். கறுப்பு, எர்த். ஆனால் காரின் பக்கம் வரும் வயர்களில் நிறம் மாறலாம். நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். சாவியை எடுத்த பிறகும் 12 வோல்ட் காட்டும் வயர்தான் மஞ்சளுக்கு ஜோடி. இரண்டையும் அதிலேயே முறுக்கிவிடாதீர்கள். சாவியை எடுத்தாலும் ஸ்டீரியோ அணையாது, பேட்டரி இறங்கிவிடும்.

நான் நிறத்தை நம்பியிருந்தேன். இரண்டும் இடம் மாறியிருந்தன. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு மாற்றி இணைத்தேன். பத்தே நிமிட வேலை.

மறுநாள் நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியைப் பார்த்தேன். அப்பாவிடமிருந்து ஒரே ஒரு சொல்: "கேட்டேன்."