200 பெரிதா, 48 பெரிதா?

"எந்த போன்ல கேமரா நல்லா இருக்கும்?"

அரக்கோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் லோக்கல் ரயிலில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டால் போதும், பேசின் பிரிட்ஜ் வரும்வரை பேச்சு ஓயாது. "சாம்சங்ல 200 மெகாபிக்சல்டா, ஐபோன்ல வெறும் 48" என்பார் ஓர் அண்ணன். "நம்பரை விடு, படத்தைப் பாரு" என்பார் எதிர் சீட்டு அண்ணன். நம் பக்கத்தில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு சுவையும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஆலை இருக்கிறது. கம்பெனி பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போகிற அக்கா யாராவது உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

200க்கும் 48க்கும் நடக்கும் இந்தப் போட்டியைக் கணக்கு நோட்டிலேயே தீர்த்துப் பார்ப்போம். 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15 புரோ மேக்ஸ் ஒன்று, 2024 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா ஒன்று. வந்தபோது இரண்டுமே ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். இவற்றுக்குப் பிறகு புது மாடல்கள் வந்துவிட்டன. ஆனால் முதன்மைக் கேமராவின் 200, 48 என்ற எண்கள் அடுத்த மாடல்களிலும் அப்படியேதான் தொடர்ந்தன.

கேமராவுக்குள் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சில்லு இருக்கிறது. அதன் பெயர் சென்சார். அதன் மேல் பரப்பு முழுக்க ஒளியை உணரும் குட்டிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். பத்து லட்சம் பிக்சல் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். சாம்சங் சென்சாரில் நீளவாக்கில் 16,320 பிக்சல். ஒவ்வொன்றின் அகலம் 0.6 மைக்ரோமீட்டர். ஐபோனில் நீளவாக்கில் 8,064 பிக்சல், ஒவ்வொன்றும் 1.22 மைக்ரோமீட்டர். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர். இப்போது பெருக்குங்கள். 16,320 × 0.6 என்றால் 9,792. 8,064 × 1.22 என்றால் ஏறக்குறைய 9,838. இரண்டும் கிட்டத்தட்ட 9.8 மில்லிமீட்டர்!

ஆக, இரண்டு சென்சாரும் ஏறத்தாழ ஒரே அளவு. சுண்டுவிரல் நகத்தோடு ஒப்பிடும் அளவுதான். ஒரே வாசலில் அம்மா இன்றைக்கு 9 புள்ளிக் கோலமும் நாளைக்கு 18 புள்ளிக் கோலமும் போட்டால் வாசலா பெரிதாகிறது? புள்ளிகள்தான் நெருங்குகின்றன. லோக்கல் ரயில் அண்ணன் பெரிதாகச் சொன்ன 200, உண்மையில் ஒவ்வொரு பிக்சலும் சிறிது என்பதைத்தான் சொல்கிறது.

பிக்சல் சிறிதானால் என்ன நஷ்டம்? இருட்டில்தான் அது தெரியும். ஒளி ஃபோட்டான் என்னும் துணுக்குகளாக வருகிறது. அவை சீரான இடைவெளியில் வருவதில்லை. சராசரியாக 100 ஃபோட்டான் விழ வேண்டிய பிக்சலில் ஒரு சமயம் 92 விழும், இன்னொரு சமயம் 109 விழும். இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு இருக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: சராசரியின் வர்க்கமூலம். 100க்கு வர்க்கமூலம் 10, அதாவது நூற்றுக்குப் பத்து தடுமாற்றம். 10,000க்கு வர்க்கமூலம் 100, அதாவது நூற்றுக்கு ஒன்றுதான். ஒளி நிறையக் கிடைத்தால் தடுமாற்றம் சுருங்குகிறது. சிறிய பிக்சலில் விழும் ஃபோட்டான் குறைவு, அதனால் அதில் தடுமாற்றம் அதிகம். ராத்திரியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் வானம் சொரசொரவென்று தெரியுமே, ஸ்டூடியோக்காரர்கள் 'கிரெயின்ஸ்' என்பார்களே, அதில் பெரும் பங்கு இந்தத் தடுமாற்றம்தான்.

இதைச் சமாளிக்க இரண்டு கம்பெனியும் ஒரே உத்தியைக் கையாள்கின்றன: பக்கத்துப் பக்கத்து பிக்சல்களைக் கூட்டி ஒன்றாக்குவது. அதற்கு அந்தப் பிக்சல்கள் ஒரே நிறத்தைப் பார்க்க வேண்டும். பிக்சலுக்கு நிறம் தெரியாது, ஒளி அதிகமா குறைவா என்றுதான் தெரியும். ஆகவே ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு நிற வடிகட்டியை வைக்கிறார்கள். கோடாக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் கண்ட முறை இது. 1976இல் காப்புரிமை பெற்றது. நம் கண்ணுக்குப் பச்சையில்தான் கூர்மை அதிகம் என்பதால் பச்சைக்கு மட்டும் இரண்டு பங்கு இடம் கொடுத்தார். ஐபோன் சென்சாரில் ஒரே நிறப் பிக்சல்கள் நான்கு நான்காகச் சேர்ந்து நிற்கின்றன. சாம்சங்கில் பதினாறு பதினாறாக.

ஐபோன் 2 × 2 ஆகக் கூட்டினால் ஒரு பெரிய பிக்சலின் அகலம் 2.44 மைக்ரோமீட்டர். சாம்சங் 4 × 4 ஆகக் கூட்டினால் 2.4. இருட்டில் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன! இரண்டிலும் கிடைப்பது 12 மெகாபிக்சல் படம். இன்னொரு வேடிக்கை: எந்த செட்டிங்கையும் மாற்றாமல் பகலில் படம் எடுத்தால் ஐபோன் தருவது 24 மெகாபிக்சல், 200 என்று பேர் வாங்கிய சாம்சங் தருவது 12. முழு 200 வேண்டுமென்றால் நாமே தேடிப்போய் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, நல்ல வெயிலில் முழு 200ஐயும் போட்டு எடுத்தால் நான்கு மடங்கு நுணுக்கம் வருமா? அங்கே இயற்கையே கையைப் பிடித்து நிறுத்துகிறது. ஒளிக்கு அலைக் குணம் உண்டு. சிறிய துளை வழியே போகும்போது அது கொஞ்சம் பரவும். எவ்வளவு உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் ஓர் ஒளிப்புள்ளி சென்சாரில் புள்ளியாக விழாது, சிறு வட்டமாகத்தான் விழும். சாம்சங்கின் லென்ஸுக்குப் பச்சை ஒளியில் கணக்கிட்டால் அந்த வட்டத்தின் அகலம் சுமார் 2.3 மைக்ரோமீட்டர். 0.6 மைக்ரோமீட்டர் பிக்சல் அதன் குறுக்கே கிட்டத்தட்ட நான்கு அடங்கிவிடும். ஒரே மங்கல் வட்டத்தைப் பல பிக்சல்கள் பங்கு போட்டுப் பார்க்கின்றன.

அதற்காக 200 வீண் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல வெளிச்சத்தில் படத்தை வெட்டிப் பெரிதாக்கும்போது அது உதவும். இருமடங்கு ஜூம் என்றால் சென்சாரின் பரப்பில் நாலில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறோம்: 200இல் 50 மிஞ்சும், 48இல் 12 மிஞ்சும். ஐந்து மடங்கு ஜூம் என்றால் இருபத்தைந்தில் ஒரு பங்கு: 8, ஐபோனில் 2க்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் வெட்டுவது கட்டுப்படியாகாது. அதனால்தான் ஐந்து மடங்கு ஜூமுக்கென்று இரண்டு போனிலும் தனிக் கேமரா இருக்கிறது.

அந்தக் கேமராவை உள்ளே வைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தூரத்தைக் கிட்டே கொண்டுவரும் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இந்த லென்ஸ்களின் குவியத் தூரம் 15 மில்லிமீட்டருக்கு மேல். போனின் தடிமனோ 8 மில்லிமீட்டர் சொச்சம். நேராக நிறுத்த இடமே இல்லை. சாம்சங்கில் ஒரு பட்டகம் ஒளியை 90 டிகிரி திருப்பிப் போனின் உடம்புக்குள் படுக்கைவாட்டில் அனுப்புகிறது. ஐபோனில் ஒளி ஒரு கண்ணாடிக் கட்டிக்குள் நான்கு முறை எதிரொளித்து வளைந்து வளைந்து சென்சாரை அடைகிறது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா பக்கம் போகும் ரயிலில் ஏறித் திருத்தணியில் இறங்கி, மலைமேல் இருக்கும் முருகன் கோயில் கோபுரத்தை யாராவது ஐந்து மடங்கு ஜூமில் எடுத்தால், அந்தக் கோபுரம் போனுக்குள் மூலை திரும்பித்தான் படமாகிறது.

திருத்தணிக்கு வந்தாயிற்று, கேமராவைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கோயில் மலையின் ஒரு பக்கம் வெளிர் நிறத்தில் தெரிவது பச்சரிசி மலை. மறுபக்கம் கறுத்துத் தெரிவது புண்ணாக்கு மலை. நம் முன்னோர் வைத்த பெயர்களிலேயே கேமராவின் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: வெளுப்பையும் கறுப்பையும் ஒரே படத்தில் எப்படிப் பிடிப்பது? பிக்சல் ஓரளவு ஒளியைத்தான் தாங்கும். நிரம்பிவிட்டால் அதற்கு மேல் எல்லாமே வெறும் வெள்ளை. வானத்து மேகம் காணாமல் போகும். மேகத்தைக் காப்பாற்ற ஒளியைக் குறைத்தால் கறுத்த பாறையின் வெடிப்புகள் இருளில் மறையும். இன்றைய போன் நாம் ஒரு முறை தட்டும்போது பல படங்களை எடுக்கிறது, சிலவற்றைக் குறைந்த ஒளியில், சிலவற்றைக் கூடுதல் ஒளியில். மேகத்தை ஒன்றிலிருந்தும் பாறையை இன்னொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்க்கிறது. எப்படிச் சேர்ப்பது என்பது அந்தந்தக் கம்பெனி எழுதிய மென்பொருளின் முடிவு. இரண்டு போனின் படங்கள் வேறுபட்டுத் தெரிவதற்கு, சென்சாரைவிட இதுதான் பெரிய காரணம்.

மென்பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை. 2023 மார்ச்சில் வெளிநாட்டில் ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று சாம்சங் எஸ்23 அல்ட்ராவில் படம் பிடித்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் போனின் படத்தில் வந்து நின்றன! படத்தில் இருப்பது நிலா என்று போன் அடையாளம் கண்டு நுணுக்கத்தை மேம்படுத்துகிறது என்று சாம்சங் விளக்கம் தந்தது. அந்த மனிதர் செய்த சோதனை எவ்வளவு எளிமையானது பாருங்கள். விடை தனக்கு முன்பே தெரிந்த ஒரு கேள்வியைப் போனிடம் கேட்டார், அவ்வளவுதான்.

நீங்களும் செய்யலாம். விலை உயர்ந்த போன் எதுவும் வேண்டாம். அப்பாவின் போனும் சித்தியின் போனும் போதும். ஒரு முறையில் ஒரே ஒரு விஷயம்தான் மாறலாம், அது போன். மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். முதலில் இரண்டு லென்ஸையும் மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் பிசுக்கு ஒட்டிய லென்ஸ் எந்தப் போட்டியிலும் தோற்கும். ஒரே மதில்மேல், ஒரே உயரத்தில் வைத்து, ஒன்றை எடுத்த கையோடு மற்றதையும் எடுங்கள். மேகம் ஒன்று சூரியனைக் கடந்தாலே ஒளி மாறிவிடும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆகவே கேபிள் போட்டு ஒரே கணினிக்கு மாற்றி ஒரே திரையில் பாருங்கள். பெயர்களை மறைத்து 'அ', 'ஆ' என்று யாராவது பெயரிட்டு வைக்கட்டும். பார்ப்பவருக்குப் போன் பெயர் தெரிந்தால் கண் ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

இருட்டுச் சோதனைக்கு டிசம்பர் 31 திருத்தணிப் படித் திருவிழா அருமையானது. 365 படிகளிலும் படிக்குப் படி கற்பூரம் எரியும். சுடரும் இருளும் ஒரே சட்டத்தில் வரும். பெரியவர்களோடு போங்கள். ரயிலைப் படம் எடுக்க ஆசைப்பட்டுத் தண்டவாளத்தின் பக்கம் போகவே கூடாது. அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமான தளம் இருக்கிறது, அந்தப் பக்கமும் கேமராவைத் திருப்பக் கூடாது.

நிறத்துக்கு ஆடிக் கிருத்திகைப் பூக்காவடி இருக்கிறது. காவடியில் இருக்கும் அதே வகைச் சாமந்தி ஒன்றை வாங்கி, பகல் வெளிச்சத்தில் இரண்டு போனிலும் படமெடுத்து, அந்தப் பூவைத் திரைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படம் பூவின் மஞ்சளுக்குக் கிட்டே இருக்கிறது என்று நோட்டில் ஒரு பத்தியில் குறியுங்கள். எது பார்க்கப் பிடித்திருக்கிறது என்று அடுத்த பத்தியில் குறியுங்கள். இரண்டு பத்தியிலும் ஒரே விடை வருகிறதா என்று வகுப்பில் எல்லோருடைய நோட்டையும் வைத்துப் பாருங்கள்.